பாலைநிலத்தில் செயற்கைப் புல்தரை

வீட்டின் முன்புறத்தில் பசும்புல் வளர்த்து அழகு பார்க்கும் வழக்கம், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இங்கிலாந்து போன்ற நாடுகளில் வேரூன்றியது. அங்கே புல்லுக்கு நீர் பாய்ச்ச வேண்டிய தேவை மிகக் குறைவு. அவ்வழக்கம் வறண்ட நாடுகளிலும் பரவிய பிறகே, புல் எவ்வளவு நீரைப் பருகுகிறது என்பதை மக்கள் கணக்கிடத் தொடங்கினர். ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழையே பெய்கிறது. ஆனால் அங்கே ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 3,000 லிட்டர் நீர் பாய்ச்சப்படுகிறது. இந்நீரைத் தரையில் தேக்கினால் 3 மீட்டர் உயரம் நிற்கும். அதாவது, வானம் தருவதைப் போல் 30 மடங்கு நீர் புல்லுக்குச் செலவாகிறது.

திரும்பாத நீர்

நகருக்கு வேண்டிய நீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றினுடையது. 1935-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹூவர் அணையால் உருவான மீட் ஏரியிலிருந்து அது பெறப்படுகிறது. ஆற்றின் கீழ்ப்படுகையிலுள்ள மூன்று மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி நீர் ஒதுக்கப்பட்டிருந்தும், அதில் நெவாடாவின் பங்கு 3 லட்சம் ஏக்கர்-அடியே.

இந்நிலையில் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. குளிக்கவும் துவைக்கவும் பயன்படும் நீர், சாக்கடை வழியே சென்று சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் மீட் ஏரியையே அடைகிறது. திரும்பிய அளவிற்கு ஈடாக மறுபடியும் நீர் எடுத்துக்கொள்ள நகருக்கு உரிமை உண்டு. புல்லுக்குத் தெளித்த நீரோ ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஆகவே, நகரின் உண்மையான நீரிழப்பு வீட்டுக்குள் அன்று, வாசலில்தான் நிகழ்கிறது.

இதனை உணர்ந்த தெற்கு நெவாடா நீர் ஆணையம், புல்தரையை அகற்றுவோருக்குச் சதுர அடிக் கணக்கில் உதவித்தொகை வழங்கும் திட்டத்தை 1999-இல் தொடங்கியது. மேலும், 2021-இல் நெவாடாவில் இயற்றப்பட்ட சட்டம், சாலையோரங்களிலும் வணிக வளாகங்களிலும் வெறும் அழகுக்காக வளர்க்கப்படும் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சுவதை 2026-ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் தடை செய்கிறது. தனி வீடுகளின் புல்தரைக்கு அச்சட்டம் பொருந்தாது.

செயற்கைப் புல்லின் தோற்றம்

புல்லை அகற்றிய இடத்தில் பசுமையை விரும்பும் சிலர் செயற்கைப் புல்லை விரிக்கின்றனர். இப்பொருள் பிறந்தது நீர்ப் பஞ்சத்தால் அன்று. ஒளிப் பஞ்சத்தால் அது புகழ்பெற்றது. ஹூஸ்டன் நகரில் 1965-இல் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. கூரையின் வழியே வந்த ஒளி ஆட்டக்காரர்களின் கண்களைக் கூசச் செய்ததால், கூரைக்கு வண்ணம் பூசினர். வெயில் குறைந்து உள்ளே இருந்த புல் மடிந்தது. 1966-இல் அவ்விடத்தில் நைலான் இழைகளாலான புல் விரிக்கப்பட்டது. இக்காலத்தில் பெரும்பாலும் பாலிதீன் இழைகள் பயன்படுகின்றன. இழைகள் நிமிர்ந்து நிற்பதற்காக, அவற்றினிடையே மணலோ ரப்பர்த் துகள்களோ நிரப்பப்படுகின்றன.

வெப்பத்தின் விளைவு

உயிருள்ள புல் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பம் இலையிலிருந்தும் சூழ்ந்துள்ள காற்றிலிருந்தும் பெறப்படுவதால் புல்தரை குளிர்ச்சியாக இருக்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு இவ்வாற்றல் இல்லை. விழும் வெயிலை ஏற்று அது சூடேறிக்கொண்டே போகிறது.

யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் செய்த அளவீடுகளில், காற்றின் வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடாக இருந்த நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரியை எட்டியது. நீர் தெளித்தபோது வெப்பம் விரைவில் தணிந்தது; ஆனால் 20 நிமிடங்களுக்குள் அதில் பெரும்பகுதி மீண்டும் ஏறிவிட்டது. நீரை மிச்சப்படுத்த விரித்த தரையைக் குளிர்விக்க நீர் தேடும் நிலை இது. காற்றின் வெப்பமே 2024 ஜூலையில் 48.9 டிகிரியைத் தொட்ட லாஸ் வேகாஸில், வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைக்கு இஃது ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு குறைகளும் உள்ளன. வெயிலில் நைந்த இழைகள் சிறு துகள்களாகி மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. சில ஆண்டுகளில் விரிப்பு முழுவதும் குப்பையாகிறது. ஆடுகளங்களில் நிரப்பப்படும் பிளாஸ்டிக், ரப்பர்த் துகள்களின் விற்பனையை 2031 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்தது.

மூன்றாவது வழி

பசும்புல்லா, பிளாஸ்டிக்கா என்ற இரண்டினுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. வறட்சியைத் தாங்கும் செடிகளையும் நிழல் மரங்களையும் நட்டு, அவற்றின் வேருக்குச் சொட்டு நீர் அளித்தால், சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 700 லிட்டர் போதுமென லாஸ் வேகாஸில் கண்டறியப்பட்டுள்ளது. இது புல்லுக்குத் தேவையானதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. இச்செடிகள் நிழலும் தரும், மண்ணையும் காக்கும். ஆனால் புல்லுக்குப் பாய்ந்த நீரால் பிழைத்திருந்த பழைய மரங்களுக்குத் தனியே நீர் தர மறந்தால், அவை பட்டுவிடும்.

நம் நாட்டின் ராஜஸ்தானப் பாலையில், ஆண்டுக்கு 25 சென்டிமீட்டருக்கும் குறைந்த மழையில் சேவண் என்னும் புல் தானே தழைத்துக் கால்நடைகளுக்குத் தீவனமாகிறது. பருவத்திற்கேற்ப அது பசுமையாகிப் பின் பழுப்பேறும். வறண்ட நிலத்திற்கு உரிய நிறம் அதுவே என ஏற்றுக்கொள்வோருக்கு, நீரை வீணாக்கும் புல்லும் வேண்டாம், வெயிலில் கொதிக்கும் பிளாஸ்டிக்கும் வேண்டாம்.