தும்மினால் வேட்டை

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் வேட்டைக்குக் கிளம்புமுன் ஒன்றையொன்று முகர்ந்து, வாலாட்டிக் குலாவும். இடையிடையே தும்மும். அந்தத் தும்மல்தான் ஓட்டு என்கிறது 2017-இல் வெளியான ஓர் ஆய்வு! தலைமை நாய் முன்னின்று கூப்பிட்டால் 3 தும்மல் போதும். சாதாரண நாய் கூப்பிட்டால் சுமார் 10 தும்மலாவது வேண்டும். தும்மல் குறைந்தால் கூட்டம் மறுபடி படுத்துவிடும்.

புறப்பட்டுவிட்டாலோ மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தையும் தொடும் பாய்ச்சல். இரை பெரும்பாலும் இம்பாலா மான். அதன்பின் நடப்பது இன்னும் நெகிழ வைக்கும். ஓடப் பழகிய குட்டிகளுக்குத்தான் முதல் பந்தி. வளையில் குட்டிகளைக் காத்திருந்த நாய்க்கும், காயம்பட்டுக் கிடப்பதற்கும், தின்றதைக் கக்கி ஊட்டுகின்றன.

இப்படிப்பட்ட உயிரினம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது.