ஏற்றம் உண்டாக்கிய ஊர்

கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சி பேராதனையில் திசை திரும்பி, கம்பளையைத் தாண்டி, மகாவலியின் கரையோடு கரையாக ஓடி நாவலப்பிட்டிக்கு வந்து நிற்கும். எல்ல வரை போகும் வெளிநாட்டுப் பயணிகள் ஜன்னலுக்கு வெளியே கமராவை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் தேடிவந்த ஒன்பது வளைவுப் பாலமும் பனி மூடிய மலைகளும் இன்னும் பல மணி நேரம் தள்ளியிருக்கின்றன. இங்கே இறங்குகிறவர்கள் தோட்டத்துச் சனங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், அடகுக் கடைக்கு வந்தவர்கள், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வந்தவர்கள்.

நாவலப்பிட்டியைப் படம் பிடிக்க ஒருவரும் வருவதில்லை. ஆனால் மலைநாட்டு ரயிலின் கதையை ஓர் ஊரில் நின்று சொல்ல வேண்டுமென்றால் அது இந்த ஊர்தான் என்பது என் துணிபு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நாவலப்பிட்டி. இங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் ஹட்டன். அதன் உயரம் 1,260 மீட்டருக்கு மேல். செங்குத்தான இடங்களில் 44 அடி ஓடினால் ஓரடி ஏற வேண்டும். மாட்டு வண்டிக்கு இது பெரிய ஏற்றமல்ல. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் கோச்சிக்கு இது மலையேற்றம். மழை ஈரத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்காகவே என்ஜினில் மணல் பெட்டி வைத்து, வழுக்கும் இடத்தில் தண்டவாளத்தின் மேல் மணலைத் தூவிக்கொண்டே ஏறுவார்கள். மழைக்கோ குறைவில்லை. ஏறும் வழியிலுள்ள வட்டவளை, இந்தத் தீவிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று.

ஆகவே இந்த அடிவாரத்தில் கோச்சி நிற்க வேண்டியிருந்தது. தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி போட வேண்டும், இன்னோர் என்ஜினைப் பூட்ட வேண்டும். என்ஜினுக்கு ஒரு கொட்டகை, ஓட்டுநருக்குப் படுக்க ஓர் இடம், ஃபயர்மேனுக்குக் குவார்ட்டர்ஸ், அவர்களுக்குச் சோறு போட ஒரு சாப்பாட்டுக் கடை. ஊர் அப்படித்தான் வளர்ந்தது.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதே ஆண்டுதான் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் வந்தது கோப்பிக்காக. பேராதனையிலிருந்து பிரிந்த பாதை 1874 டிசம்பரில் நாவலப்பிட்டியை எட்டியது. மலைக்கு மேல் டிக்கோயாவிலும் திம்புள்ளவிலும் மஸ்கெலியாவிலும் காடு வெட்டிக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் பத்து வருடம் இங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் பத்து வருடத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். மேலேயிருந்து கோப்பி மூட்டைகளோடு இறங்கும் மாட்டு வண்டிகளும், கீழேயிருந்து அரிசி மூட்டைகளோடு ஏறும் மாட்டு வண்டிகளும் இந்த ஊரில் சந்தித்துக்கொண்டன. வண்டிக்காரர், லாடம் கட்டுபவர், அரிசிக் கடைக்காரர், வட்டிக்குக் கொடுப்பவர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர்கள் ஒரே தெருவில் கடை விரிக்கும் டவுனாக நாவலப்பிட்டி இன்றும் இருக்கிறதென்றால், அதற்கு விதை போட்டது கடைசி நிலையமாக நின்ற அந்தக் காலம்தான்.

பாதை மறுபடி நகர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் பதினைந்தே வருடத்தில் தோட்டங்களைத் தின்று தீர்த்துவிட்டது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. கோப்பிக்காகப் போட்ட பாதையில் தேயிலை இறங்கி வந்தது. அதன் பிறகு 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. பதுளைக்குப் போக 1924 ஆயிற்று. கடைசி நிலையம் என்ற பெருமை போனாலும் நாவலப்பிட்டி தேயவில்லை. மேலே பாதை நீள நீள ஏறும் கோச்சிகள் கூடின. தள்ளிவிடும் என்ஜின்களும் கூடின.

இதே மாதிரி ஓர் ஊர் உலகத்தின் மறுகோடியில், ஒரு பாலைவனத்தின் நடுவே இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மொஹாவி பாலைவனத்திலுள்ள கெல்சோ. 1905இல் லாஸ் ஏஞ்சல்ஸையும் சால்ட் லேக் நகரையும் இணைக்கப் போட்ட ரயில் பாதையில் பிறந்தது. ஊருக்குப் பெயர் வேண்டுமென்று ரயில்வே ஊழியர்கள் தங்கள் பெயர்களைத் தொப்பிக்குள் போட்டு எடுத்ததில் வந்த பெயர் அது என்பார்கள். அங்கேயும் ஊருக்கு வெளியே ஓர் ஏற்றம் தொடங்குகிறது. நூறு அடிக்கு இரண்டே கால் அடிக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட நம்முடைய ஏற்றமேதான். அங்கேயும் தண்ணீர் பிடித்து, துணை என்ஜின் பூட்டி ஏற வேண்டும். வட்டவளையில் ஒரு நல்ல மழை நாளில் பெய்வது கெல்சோவில் ஒரு வருடத்துக்குப் பெய்தால் பெரிது. ஆனால் இரண்டு ஊர்களும் ஒரே காரணத்துக்காகப் பிறந்தவை.

1924இல், பதுளைக்கு நம் ரயில் போய்ச் சேர்ந்த அதே ஆண்டில், கெல்சோவில் அழகான நிலையக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அருகிலிருந்த இரும்புச் சுரங்கத்தால் அந்த ஊரில் 2,000 பேர் வரை வாழ்ந்தார்கள். பிறகு டீசல் என்ஜின்கள் வந்தன. அவற்றுக்கு வழியில் தண்ணீரும் வேண்டாம், துணையும் வேண்டாம். சுரங்கமும் மூடப்பட்டது. 1985இல் நிலையத்தையும் மூடினார்கள். பின்னர் அந்தக் கட்டடம் பாலைவனத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கான தகவல் நிலையமானது. ஊர் இல்லை.

நம்மூரிலும் டீசல் வந்தது. அதற்கு முன் மலைப் பாதையின் பெரிய உழைப்பாளி காரட் என்ஜின். மான்செஸ்டரில் பேயர் பீகொக் கம்பனி செய்தது. நடுவில் ஒரே கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி. வளைவில் உடம்பை மடக்கித் திரும்பும். 1920களின் இறுதியில் ஒன்று வந்தது. 1945இல் மேலும் சில வந்தன. 1950களின் நடுவில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் என்ஜின்கள், அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிக்கொண்டு மலையேறத் தொடங்கின. கரி அள்ளிப் போட்ட கைகளுக்கு வேலை குறைந்தது. 2012க்குப் பின் வந்த சீனத் தயாரிப்பு ரயில்களுக்கு இரு முனையிலும் என்ஜின் உண்டு. அடிவாரத்தில் துணை தேட வேண்டியதில்லை.

கெல்சோவைக் காலி செய்த அதே டீசல் நாவலப்பிட்டியைக் காலி செய்யவில்லை. காரணம் ரயில்வேயில் இல்லை. சுற்றியுள்ள மலைத் தோட்டங்களின் லயன் வீடுகளில் இருந்த சனங்களுக்கு நாவலப்பிட்டிதான் டவுன். சம்பளம் போட்ட மறுநாள் கடைத்தெருவில் நடக்க இடமிருக்காது. தீபாவளிக்குப் புடவை, மாரியம்மன் திருவிழாவுக்குச் சாமான், கடிதம் எழுதிக்கொடுக்க ஆள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கேதான். கதிரேசன் பெயரில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கொழுந்து பறித்து வந்த கூலிதான் இந்த டவுனைத் தூக்கி நிறுத்தியது. இதை இந்த ஊர்க் கடைக்காரர்களே சொல்வார்கள்.

அந்தச் சனங்களுக்கும் கோச்சிக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்த ஊரின் கதையை முடிக்க முடியாது. தென்னிந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்த பிறகு மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் கோச்சி ஏறி, பொல்கஹவெலவில் திரும்பி, கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டி, நாவலப்பிட்டியில் இன்னோர் என்ஜின் தள்ள மலைக்குப் போனார்கள். பாதை போட்டவர்களிலும், கேங்குகளில் சிலிப்பர் கட்டை மாற்றியவர்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மிகுதி.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு கோச்சி திரும்பி ஓடியது. மேலே பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் நாவலப்பிட்டியைக் கடந்துதான் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. அக்கரைக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள்ளே, இருக்கப்போகிறவர்கள் மேடையிலே. ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. கார்ட் விசில் அடித்ததும் இரண்டு பக்கமும் எழுந்த அழுகைச் சத்தத்தால் அந்தக் கோச்சிக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. சாவு வீட்டில் மட்டும் பாடுகிற ஒப்பாரியை உயிரோடிருப்பவர்களுக்காகப் பாடிய மேடைகள் இவை. அதே பெயரில் மு. சிவலிங்கம் கதை எழுதியிருக்கிறார்.

போனவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் 1976இல் டான்டீ என்ற நிறுவனமாயின. 1980களின் நடுவில் தலைமன்னார்க் கப்பல் நின்றது. உள்நாட்டுப் போரில் தலைமன்னார்ப் பாதையும் அழிந்தது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அதில் ஏறிக் கப்பலுக்குப் போக ஒருவரும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் அறுத்துப்போட்டது. மண் சரிந்தது, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. இந்தப் பாதையை ஒன்றரை நூற்றாண்டாக மழையிடமிருந்து காத்துவந்தவர்கள் யார் என்பதை அந்தப் படங்களைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். மண்வெட்டியோடு பாதையில் நடந்த கேங்குக்காரர்கள். ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில்வே நூதனசாலையில் பழைய என்ஜின்களைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம், கண்டிக்கு வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மனிதர்களின் கதையைப் பத்திரப்படுத்துவது நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் பழைய கடவுச்சீட்டோ, அக்கரையிலிருந்து வந்த முதல் கடிதமோ, ரயில்வேயில் வேலை செய்த தாத்தாவின் அடையாள அட்டையோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், எந்த நிலையத்தில் கோச்சி ஏறினார்கள், யார் மேடையில் நின்றார்கள் என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த மேடையில் நின்று கையசைத்தவர்களில் மிகச் சிறியவர்களுக்கும் இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.