துப்பாக்கி பேசுமா? டெலிவிஷனில் ஒரு நிமிடம்; ஆய்வுக்கூடத்தில் வேறு கதை!

இரவுச் சாப்பாடு முடிந்து டெலிவிஷன் முன் உட்காருகிறோம். "டுமீல்!" ஒருவர் சுருண்டு விழுகிறார். அடுத்த காட்சியிலேயே நிபுணர் குண்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். "இது இன்னார் துப்பாக்கியில் இருந்து வந்ததுதான்" என்று அடித்துச் சொல்கிறார். குற்றவாளி கையில் விலங்கு!

1998-ல் தொடங்கி 20 ஆண்டுகள் தொடர்ந்து ஓடிய இந்தித் தொடர் "சி.ஐ.டி." அதில் வரும் டாக்டர் சாலுங்கேயிடம் எதைக் கொடுத்தாலும் உடனே விடை வந்துவிடும். உண்மையில் அப்படி நடக்குமா?

குண்டில் விழும் கோடுகள்

கைத்துப்பாக்கிக் குழாயின் உட்புறம் வழவழப்பாக இராது. திருகாணியின் மரையைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றபடி நேராகப் பாய்வதற்காக இந்த ஏற்பாடு. உரசிக்கொண்டு வெளியேறும் குண்டின் மேல் மெல்லிய கோடுகள் விழுகின்றன. காலித் தோட்டாவின் அடியில் ஊசி குத்திய தடமும் இருக்கும்.

சந்தேகத்துக்குரிய துப்பாக்கி கிடைத்தால், நிபுணர் அதைக் கொண்டு தண்ணீர்த் தொட்டியிலோ, பஞ்சு அடைத்த பெட்டியிலோ சுடுவார். அந்தக் குண்டையும், உடலில் எடுத்த குண்டையும் இரட்டை மைக்ராஸ்கோப்பில் பக்கம் பக்கமாக வைத்து, கோட்டுக்குக் கோடு ஒப்பிடுவார். 1920-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த முறை இது. 1929-ல் சிகாகோவில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அந்தக் கொலைத் துப்பாக்கிகளை அடையாளம் காட்டியது இந்த முறைதான்.

ஆனால் எலும்பில் மோதி நசுங்கிய குண்டில் கோடுகள் சிதைந்துபோகும். குழாயில் பள்ளமே வெட்டாத நாட்டுத் துப்பாக்கி என்றால், ஒப்பிட அந்தக் கோடுகளே இரா. கம்ப்யூட்டர் உதவும், "இவை ஒத்துப்போகலாம்" என்று வரிசைப்படுத்தித் தரும். முடிவு சொல்ல வேண்டியவர் மனிதர்தான்.

டெல்லியில் நடந்தது

துப்பாக்கியே கிடைக்காவிட்டால்? 1999 ஏப்ரல் 29 இரவு, டெல்லி மெஹ்ரோலியில் ஒரு விருந்து. மது கேட்டவருக்குக் கொடுக்க மறுத்தார், ஜெசிகா லால் என்ற மாடல் அழகி. ஒரு குண்டு கூரைக்கு. அடுத்தது அவர் தலைக்கு. காலித் தோட்டாக்கள் இரண்டு கிடைத்தன. சுட்ட துப்பாக்கி கிடைக்கவே இல்லை.

"துப்பாக்கியைப் பார்க்காமல் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது" என்பது நிபுணர் எழுத்தில் கொடுத்த கருத்து. பிறகு கோர்ட்டில் கேட்டபோது, இரண்டு தோட்டாக்களும் வெவ்வேறு துப்பாக்கியில் சுடப்பட்டவையாகத் தோன்றுகின்றன என்றார். அப்படியானால் சுட்டவர்கள் இருவரா? எதிர்த்தரப்புக்கு அது நல்ல பிடியாகிவிட்டது. சாட்சிகள் பலரும் பல்டி அடித்தனர். 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்ட 9 பேரும் விடுதலை!

நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றி, மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தண்டனைக்கு வழி செய்தவை கண்ணால் கண்டவர்களின் சாட்சியமும், சூழ்நிலைச் சான்றுகளும்.

நிபுணர் மீது பொய்ச் சாட்சி நடவடிக்கைக்கு ஐகோர்ட்டு உத்தரவிட்டிருந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. நிபுணர் சொல்வது கருத்து; அதைப் பொய்ச் சாட்சி என்று சொல்லிவிட முடியாது.

நமக்கு என்ன?

இந்த ஒப்பீடு எந்த அளவுக்கு நம்பகமானது என்று அறியப் போதிய ஆய்வுகள் நடக்கவில்லை என 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்றே அறிக்கை தந்தது. அதனால் இது வெறும் பம்மாத்து என்று ஆகிவிடாது. கோடுகள் தெளிவாக இருந்து, துப்பாக்கியும் கையில் இருந்தால், அது பலமான சான்று. இல்லாவிட்டால், "சொல்ல முடியாது" என்பதே நேர்மையான பதில். டெலிவிஷன் நிபுணர் வாயில் வராத பதில் அதுதான்!

ஆகவே, தொடரைப் பாருங்கள், ரசியுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் கண்ணெதிரே ஒன்று நடந்து, சாட்சி சொல்ல அழைப்பு வந்தால், "போலீசிடம் மிஷின் இருக்கிறது, நான் எதற்கு?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். டெல்லியில் துப்பாக்கி பேசவில்லை. பயப்படாத சில மனிதர்கள் பேசினார்கள்.