'ஃபோ' எங்கே போனது?

'ஃபோட்டோகிராஃப்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் எந்த இடத்தில் அழுந்துகிறது? முதல் அசையில், 'ஃபோ'வில்தானே? இப்போது கடைசியில் ஓர் 'இ' சேர்த்து, படமெடுக்கும் கலையைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'ஃபட்டாக்ரஃபி'! அழுத்தம் இரண்டாவது அசைக்குத் தாவிவிட்டது. நிமிர்ந்து நின்ற 'ஃபோ', தேய்ந்து வெறும் 'ஃப' ஆகிவிட்டது.

கிரேக்க மூலத்தில் 'ஃபோட்டோ' ஒளியைக் குறிக்கும். 'கிராஃபி' எழுதுவதைக் குறிக்கும். பொருள்படி இரண்டுக்கும் நடுவில்தான் சொல்லைப் பிரிக்க வேண்டும். பேசும்போதோ முன்சொல்லின் வாலும் பின்சொல்லின் தலையும் ஒட்டிக்கொண்டு 'டாக்' என்று ஓர் அசையாகின்றன. அழுத்தமும் அங்கேயே விழுகிறது. எவ்வளவு அழகான இணைப்பு பாருங்கள்!

'ஜியாக்ரஃபி', 'பயாக்ரஃபி' எல்லாம் இப்படித்தான். கடைசியிலிருந்து எண்ணினால் மூன்றாவது அசையில் அழுத்தம். 'பயாலஜி', 'சைக்காலஜி' கூட இதே வழிதான்.

அடுத்த முறை ஆங்கில அகராதியைப் புரட்டும்போது, உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சின்னக் கோட்டைத் தேடுங்கள். பெரும்பாலான அகராதிகளில், அந்தக் கோட்டை அடுத்து வரும் அசையைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.