மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் (தமிழ்நாடு)

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்பது ஒருவருக்கு உள்ள இயலாமையின் வகையையும் அளவையும் அரசு மருத்துவர்கள் ஆய்ந்து உறுதிசெய்து வழங்கும் ஆவணம் ஆகும். இந்தியாவில் மாத உதவித்தொகை, பேருந்து மற்றும் தொடருந்துக் கட்டணச் சலுகை, கல்வி வேலைவாய்ப்பு இட ஒதுக்கீடு, உதவிக் கருவிகள் ஆகிய அனைத்துக்கும் இதுவே அடிப்படைச் சான்றாகும். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களும், அண்மைக்கால மருத்துவ ஆவணங்கள் எதையும் கைவசம் வைத்திராதவர்களும் இச்சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இயலும். இக்கட்டுரை அத்தகையோரின் நிலையை விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பெயர்

தமிழில் முன்னர் "ஊனமுற்றோர்" என்னும் சொல் அரசு ஆவணங்களில் வழங்கிவந்தது. 2010-ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு அரசு அதற்கு மாற்றாக "மாற்றுத்திறனாளி" என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. துறையின் பெயரும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை என மாற்றப்பட்டது. எனினும் பழைய அடையாள அட்டைகளில் முந்தைய சொல்லைக் காணலாம்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் முதன்முதலில் 1995-இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் ஏழு வகை இயலாமைகளை மட்டுமே ஏற்றது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கைக்கு இந்தியா 2007-இல் ஏற்புறுதி வழங்கியது. அதன் தொடர்ச்சியாக மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்புதிய சட்டத்தின் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. தசைச்சிதைவு நோய், பார்க்கின்சன் நோய், தலசீமியா, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் முதலியவை புதிதாகச் சேர்க்கப்பட்டவையாகும்.

இயலாமை 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அது சட்டத்தில் "வரையறுக்கப்பட்ட அளவு இயலாமை" எனக் கொள்ளப்படும். பெரும்பாலான அரசு நலத்திட்டங்களுக்கு இந்த அளவு தேவை. ஆயினும் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்கள் உரிமையே அற்றவர்கள் அல்லர். தேர்வில் எழுத்தர் உதவி தொடர்பான வழக்கில் 2021 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவுபடுத்தியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேரும் இருந்தனர்.

காப்பீடும் சான்றிதழும்

மருத்துவக் காப்பீட்டுக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கானது. சான்றிதழ் இயலாமையை அளவிடுவது. எனவே விண்ணப்பதாரர் எந்தக் காப்பீட்டிலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் நடைபெறும் பரிசோதனைக்குக் காப்பீடும் தேவைப்படுவதில்லை.

இதற்கு விலக்காக அமைவது தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் ஆகும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இத்திட்டத்தில் பதிவுபெற்ற தொழிலாளி பணியிடத்தில் காயமுற்று நிலையான இயலாமை அடைந்தால், தனி மருத்துவக் குழுவின் முடிவின்படி அவருக்கு மாதந்தோறும் பணப்பயன் கிடைக்கும். செஞ்சி போன்ற வேளாண் வட்டாரங்களில் உள்ள உழவுத் தொழிலாளர்கள், கட்டட வேலை செய்வோர், சிறு வணிகர் ஆகியோரில் பெரும்பாலோர் இத்திட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள். அவர்களுக்கு அரசுச் சான்றிதழே முதன்மை வழியாகும்.

பழைய ஆவணங்கள் இல்லாதபோது

2017-ஆம் ஆண்டு விதிகள் விண்ணப்பத்துடன் கோருபவை அடையாள மற்றும் இருப்பிடச் சான்று, ஒளிப்படம், ஆதார் எண் ஆகியவையாகும். பழைய மருந்துச் சீட்டோ மருத்துவமனை விடுவிப்புக் குறிப்போ இல்லை என்பதால் ஒருவர் விண்ணப்பிக்கவே முடியாது என்று விதிகள் கூறவில்லை. சான்றளிக்கும் மருத்துவர் தம் முன்னிலையில் உள்ளவரின் தற்போதைய நிலையை அளவிடுகிறார். அந்தப் பரிசோதனையே முதல் ஆவணமாக அமைகிறது.

ஆயினும் ஆவணத்தின் தேவை இயலாமையின் வகைக்கேற்ப மாறுபடும்:

* கை, கால் இழப்பு, இளம்பிள்ளை வாதம் முதலியவை கண்ணால் கண்டும் அளந்தும் உறுதிசெய்யக்கூடியவை. பழைய ஆவணம் பெரும்பாலும் தேவைப்படாது.
* பார்வைக் குறைபாடும் செவிக் குறைபாடும் மருத்துவமனையிலேயே கருவிகளால் சோதிக்கப்படுகின்றன.
* அறிவுசார் குறைபாடு உளவியலாளர் நடத்தும் நுண்ணறிவுச் சோதனையாலும் சமூக முதிர்ச்சிச் சோதனையாலும் அளவிடப்படுகிறது.
* குருதி தொடர்பான குறைபாடுகளுக்கு ஆய்வகச் சோதனை முடிவுகள் தேவை.
* மனநோய்க்கு நோயின் கால அளவும் கணக்கில் கொள்ளப்படுவதால், பழைய ஆவணங்கள் இங்கு மிகுந்த பயன் தருகின்றன.

சிகிச்சை முடிந்து நிலைமை நிலைத்த பின்னரே பொதுவாக இயலாமை அளவிடப்படுகிறது. அண்மையில் விபத்துக்குள்ளாகிச் சிகிச்சையில் இருப்பவர் காத்திருக்க நேரிடலாம். மாற்றம் ஏற்பட வாய்ப்புள்ள நிலைகளுக்குக் காலவரையறை உடைய தற்காலிகச் சான்றிதழும், வாய்ப்பில்லாதவற்றுக்கு நிலையான சான்றிதழும் வழங்கப்படும்.

விழுக்காடு கணக்கிடும் முறை

நடுவண் அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் 2024-இல் திருத்தப்பட்டன. ஒரே உடலில் இரு குறைபாடுகள் இருந்தால் அவை நேராகக் கூட்டப்படுவதில்லை. பெரிய அளவை "அ" எனவும் சிறிய அளவை "ஆ" எனவும் கொண்டால், மொத்தம் அ + ஆ × (90 − அ) ÷ 90 ஆகும். சான்றாக, ஒருவருக்குக் காலில் 30 விழுக்காடும் கையில் 20 விழுக்காடும் இருப்பின் மொத்தம் ஏறத்தாழ 43 விழுக்காடு வரும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தகுதி எல்லைக்குக் கீழே உள்ளன. சேர்த்துக் கணக்கிட்டால் எல்லையைக் கடந்துவிடுகின்றன. ஆகவே எல்லாக் குறைபாடுகளையும் மருத்துவரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது.

ஒரு கண் பார்வை முழுவதும் இழந்து, மறு கண் நன்றாக இருப்பவருக்கு 30 விழுக்காடு கணக்கிடப்படுகிறது. இவர்கள் பெரும்பாலான உதவித்தொகைகளுக்குத் தகுதி பெறுவதில்லை.

மனநோய் இயலாமையை அளவிட இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய அளவுகோல் பயன்படுகிறது. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்னும் நான்கு கூறுகளுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. இவற்றோடு நோய்க்காலத்துக்கான மதிப்பெண் சேர்க்கப்படும். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாயின் 1, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 2, ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு 3, அதற்கு மேல் 4. மொத்தம் 7 வந்தால் 40 விழுக்காடு எனக் கொள்ளப்படும். நான்கு கூறுகளிலும் சேர்த்து 5 மதிப்பெண் பெறும் இருவரில், மூன்று ஆண்டுகளாக நோயுற்றிருப்பதை நிறுவுபவர் தகுதி பெறுவார். ஓராண்டுக்கு மட்டுமே சான்று உள்ளவர் 6 மதிப்பெண்ணுடன் நின்றுவிடுவார். நோயின் வரலாற்றை உடனிருந்து கவனிக்கும் உறவினரிடமும் மருத்துவர் கேட்டறிவதால், அவர் உடன் செல்வது பயன் தரும்.

ஆவணங்களை மீட்டெடுத்தல்

தொலைந்துபோன ஆவணங்கள் அனைத்தும் மீளப் பெற முடியாதவை அல்ல. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், உள்நோயாளிகளின் பதிவேடுகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் எனவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் எனவும் வகுத்துள்ளன. அரசு மருத்துவமனையில் உள்ள தம் சொந்தப் பதிவுகளைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் வழியாகவும் கேட்கலாம். விபத்தாயின் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் நாளையும் காயத்தையும் காட்டும் சான்றுகளாகும். சிறுவர்களுக்குப் பள்ளியின் சிறப்பாசிரியர் குறிப்புகள் உதவும்.

எதுவுமே இல்லாதவர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ புறநோயாளியாகச் சென்று சீட்டுப் பதிந்து தொடர்ந்து சிகிச்சை பெற்றுவருதல் நல்லது. ஒவ்வொரு வருகையும் நாளிட்ட பதிவாகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து அளிக்கப்படும் மருந்து, இயன்முறை சிகிச்சை ஆகியவற்றின் பதிவுகளும் இவ்வாறு பயன்படக்கூடும்.

செஞ்சி வட்டத்தில் நடைமுறை

செஞ்சி, கோட்டையால் புகழ்பெற்ற ஊர். 2025 ஜூலையில் இக்கோட்டை மராத்தியப் படைத்தள நிலவமைப்புகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்தில் இது அடங்கும். ஊரில் அரசு மருத்துவமனையும் வட்டாட்சியர் அலுவலகமும் உள்ளன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தில் உள்ளது. 2010-இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் அமைந்துள்ளது.

விண்ணப்பிக்கும் படிகள் பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றன:

1. தனித்துவ அடையாள அட்டைக்கான நடுவண் அரசின் இணையத்தளத்தில் விண்ணப்பித்தல். 2021 ஜூன் 1 முதல் சான்றிதழ்கள் இதன் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. இணைய வசதி இல்லாதோர் இ-சேவை மையத்தை நாடலாம்.
2. குறிப்பிட்ட நாளில் அரசு மருத்துவமனையிலோ சிறப்பு முகாமிலோ மருத்துவர் முன் நேரில் செல்லுதல்.
3. தேவைப்படின் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டு மேற்சோதனை செய்துகொள்ளுதல்.
4. சான்றிதழும் அடையாள அட்டையும் பெறுதல். 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என அட்டையில் நிறம் அமையும்.
5. அதன் பின்னர் உதவித்தொகைக்குத் தனியே விண்ணப்பித்தல்.

ஐந்தாம் படியைப் பலர் அறிவதில்லை. சான்றிதழ் கிடைத்த உடனே பணம் தானாக வந்துவிடாது.

2017 விதிகள் சான்றளிக்க ஒரு மாதக் கெடு விதித்தன. 2024 அக்டோபரில் செய்யப்பட்ட திருத்தம் அதனை மூன்று மாதமாக்கியது. சிறுவர்களுக்காகவும், தாமே விண்ணப்பிக்க இயலாதவர்களுக்காகவும் காப்பாளர் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் நாடு முழுவதும் செல்லுபடியாகும்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. சிற்றூரிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பாகும். துணைக்கு வருபவருக்கும் அவ்வாறே. எனவே முகாம் நாள்களை முன்கூட்டியே அறிந்து, அனைத்து ஆவணங்களையும் ஒரே முறையில் கொண்டு செல்லுதல் பயன் தரும்.

உதவித்தொகைகள்

தமிழ்நாட்டில் இரு வேறு துறைகள் மாத உதவித்தொகை வழங்குகின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு (75 விழுக்காடும் மேலும்), தசைச்சிதைவு, தொழுநோயால் பாதிப்பு, நாட்பட்ட நரம்பியல் நோய்கள் உடையோருக்கு உரியது. 2023-இல் இது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வறிய நிலையில் உள்ளோருக்கு உரியது. 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிந்தையதற்குக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரணை செய்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார். நடுவண் அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. அதற்கு 80 விழுக்காடு தேவை.

சான்றிதழ் பெற்றபின் காப்பீட்டுக்கும் வழி பிறக்கிறது. தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" திட்டம் புறவுலகச் சிந்தனைக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. இதில் சேர முன் மருத்துவச் சோதனை தேவையில்லை.

மறுப்பும் மேல்முறையீடும்

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படுபவர் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் அவசியம். 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, சான்றளித்தவரின் முடிவை எதிர்த்து மாநில அரசு அமர்த்திய மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். உதவித்தொகை தாமதம் குறித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம்.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் தனியார் காப்பீடு பரவலாக இருப்பதால், காப்பீடு இல்லாதவர் மருத்துவரிடம் செல்வதே அரிதாகி, ஆவணமும் இல்லாமற் போகிறது. அங்கு சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் மருத்துவச் சான்றுகளின் அடிப்படையிலேயே முடிவெடுக்கிறது. சான்று போதாதபோது தன் செலவிலேயே விண்ணப்பதாரரை ஒரு மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புகிறது. இந்தியாவில் பரிசோதனை எல்லோருக்கும் பொதுவான முதற்படியாக உள்ளது. அமெரிக்காவில் அது சான்றின் குறையை நிரப்பும் ஏற்பாடாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016
* செஞ்சி
* விழுப்புரம் மாவட்டம்
* தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005