தீவுகளின் குரலைத் திரட்டிய யூனா மார்சன்

வானொலி நேயர்கள் ஒலிவாங்கியின் முன் பேசுவோரை அறிவர், பாடுவோரை அறிவர். ஆனால், எவரைப் பேச அழைப்பது, எப்பொருளை எம்முறையிற் சொல்லச்செய்வது என்பவற்றைத் துணிகின்ற தயாரிப்பாளரைப் பெரும்பாலும் அறியார். ஒரு தயாரிப்பாளரின் துணிவு ஒரு நாட்டின் இலக்கியத்துக்கே வழிதிறந்துவிடக்கூடும் என்பதற்கு யூனா மார்சன் அம்மையாரின் வாழ்வு தக்க சான்றாகும்.

அம்மையார் 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஜமெய்க்காவிற் பிறந்தார். தந்தையார் பப்ரிஸ்ற் திருச்சபைப் போதகர். அக்காலத்து ஜமெய்க்காவிலே, இலங்கை முதலிய ஏனைய குடியேற்ற நாடுகளிற் போலவே, மாணவர் மனனஞ் செய்தவை ஆங்கிலக் கவிதைகளே. தாம் காணாத பனியையும் பூக்களையும் போற்றக் கற்ற பிள்ளைகள், தம் ஊர்ப் பேச்சைத் தாழ்ந்ததென்றே எண்ணி வளர்ந்தனர். இந்நிலையை மாற்றவேண்டும் என்னும் எண்ணம் அம்மையாரிடம் இளமையிலேயே வேரூன்றியது. 1928இல் 'கொஸ்மொபொலிட்டன்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, ஜமெய்க்காவில் ஒரு சஞ்சிகையை வெளியிட்டு நடத்திய முதற் பெண்மணியானார். அவருடைய முதற் கவிதைத் தொகுதி 1930இல் வெளிவந்தது.

1932இல் அவர் இலண்டன் சென்றார். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் நன்கு பயின்றிருந்தும், தோலின் நிறங் காரணமாகத் தொழில் மறுக்கப்பட்டது. கருநிற மக்களின் உரிமைக்காக உழைத்த சங்கமொன்றில் அவர் சேர்ந்து பணிபுரிந்தார். எதியோப்பியாமீது இத்தாலி படையெடுத்த காலத்தில், இலண்டனிலிருந்த எதியோப்பியத் தூதரகத்திற் செயலாளராகவும் கடமையாற்றினார். 1936இல் தாயகம் திரும்பி நாடகம் எழுதி மேடையேற்றிய பின், 1938இல் மீண்டும் இலண்டனை அடைந்தார்.

அடுத்த ஆண்டிலே இரண்டாம் உலகப் போர் மூண்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து விமானப் படையினரும் தொழிலாளரும் பிரித்தானியா வந்து சேர்ந்தனர். அவர்களுடைய குரலைக் கடலுக்கப்பால் இருந்த குடும்பத்தாருக்குக் கேட்கச்செய்யும் பணியை பி.பி.சி. மேற்கொண்டது. 1941 மார்ச்சு மாதம் அம்மையார் அந்நிறுவனத்தின் நிரந்தர ஊழியரானார், பி.பி.சி.யிற் பணியாற்றிய முதலாவது கருநிறப் பெண் தயாரிப்பாளர் அவரே. உடன் பணியாற்றியோருட் சிலர் அவருடைய தலைமையை ஏற்கத் தயங்கினர். ஆயினும் அவர் தளரவில்லை.

'மேற்கிந்தியத் தீவுகளை அழைக்கிறோம்' என்னும் அந்நிகழ்ச்சி எளிமையானது. ஒரு படைவீரர் வந்து, தாம் நலமாயிருப்பதாகத் தாயாருக்குச் சொல்வார். போர்க்காலத் தணிக்கையினால் எல்லாம் முன்கூட்டியே எழுதி அங்கீகாரம் பெறவேண்டியிருந்தது. எனினும், அக்குரல் தம் ஊர்க் குரலாக இருந்தமையே கேட்போரை ஈர்த்தது. நலம் விசாரிக்கும் அதே குரலாற் கதையும் கவிதையுஞ் சொல்லலாகாதா?

இவ்வினாவுக்கு விடை காண ஒரு முன்மாதிரியும் கிடைத்தது. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1942இல் இந்திய நேயர்களுக்காக 'குரல்' என்னும் வானொலிச் சஞ்சிகையை நடத்திவந்தார். அதிலே அம்மையாரும் பங்குகொண்டார். அவ்வாண்டிற் பிடிக்கப்பட்ட புகழ்பெற்ற நிழற்படம் ஒன்றில், ரி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோருடன், இலங்கையிற் பிறந்த தமிழரும் 'பொயற்றி லண்டன்' ஆசிரியருமான தம்பிமுத்துவும் யூனா மார்சனும் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கக் காணலாம்.

1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'கரிபியன் குரல்கள்' என்னும் இலக்கிய நிகழ்ச்சியை அம்மையார் தொடங்கினார். இதன் பயனை உணர, அன்றைய தீவுகளின் நிலையை உணர்தல் வேண்டும். ஆங்கு நூல் வெளியிடுவோர் மிகச் சிலர். ஒரு தீவில் எழுதுபவரை மறு தீவினர் அறியார். இந்நிகழ்ச்சியோ எல்லாத் தீவினருக்கும் பொதுவான ஏடாயிற்று. தீவுகளில் எழுதிய கதை கடல் கடந்து இலண்டனை அடையும். அங்கே வாசிக்கப்பட்டுச் சிற்றலை வழியாகத் தீவுகளுக்கே மீளும். எழுதியவர் தம் ஊர்ப் பேச்சை வானொலியிற் கேட்டபோது, அஃது இலக்கியத்துக்கு உகந்த மொழியே என்னும் துணிவு பெற்றார்.

ஓய்வின்றி உழைத்த அம்மையாரின் உடலும் உள்ளமும் நலிவுற்றன. 1946இல் அவர் தாயகம் திரும்ப, ஹென்றி சுவான்சி அப்பொறுப்பை ஏற்று நிகழ்ச்சியைப் பெரிதும் வளர்த்தார். 1958வரை அது நடைபெற்றது. ஜோர்ஜ் லாமிங், சாம் செல்வன், டெரெக் வால்கொட், வீ. எஸ். நைபோல் முதலியோர் அதன் வாயிலாக அறிமுகமாயினர். நைபோல் அதன் பொறுப்பாசிரியராகவும் இருந்தார். வால்கொட் 1992இலும் நைபோல் 2001இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

இவர்களின் புகழ் உலகெங்கும் பரவியபோது, வித்திட்டவரின் பெயர் மறைந்துகிடந்தது. ஜமெய்க்காவிற் பதிப்புப் பணியிலும் சிறுவர் நலப் பணியிலும் ஈடுபட்டிருந்த அம்மையார், 1965 மே மாதம் 6ஆந் திகதி காலமானார். நெடுங்காலத்தின் பின், 2009இல், இலண்டனில் அவர் வாழ்ந்த இல்லத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

எழுத்தாளர்க்கு ஏடும் தாளும் மட்டும் போதா. கேட்கச் சித்தமான செவிகளும் வேண்டும். பிறர் கேளாதிருந்த மக்களின் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டு, அவர்களுக்கே அதனை மதிக்கக் கற்பித்தமை யூனா மார்சன் அம்மையாரின் பெருந்தொண்டாகும்.