விவாகரத்து வழக்கு நடக்கும்போது அடி வாங்க வேண்டியதில்லை

விவாகரத்துக்கு மனுப் போட்டாயிற்று, தீர்ப்பு வரும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்று அடியையும் மிரட்டலையும் தாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் அகரம், தாடிக்கொம்புப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனால், "அதான் கேஸ் நடக்குதேம்மா, கோர்ட்ல சொல்லிக்கங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி (2005) என்னென்ன நிவாரணம் கேட்கலாம் என்பதைப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வது போலீசின் கடமை. விவாகரத்து வழக்கு அதற்குத் தடையே இல்லை.

போக வேண்டிய இடம் திண்டுக்கல் மாவட்ட சமூக நல அலுவலகம். அங்கே பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். படிவம் 1-இல் உங்கள் புகாரை அவர் பதிய வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே மானத்துக்குப் பயந்து "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அதையேதான் நீட்டுவார். அடித்தது யார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடுவர் நீதிமன்றத்தில் இதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மனுப் போடலாம். 26-ஆம் பிரிவின்படி, விவாகரத்து நடக்கும் அதே நீதிமன்றத்திலும் பாதுகாப்பு கேட்கலாம். கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அந்த ஊர் நடுவரே விசாரிக்கலாம். ஆபத்து அவசரமானால், பிரமாணப் பத்திரத்தோடு 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே அதைத் தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வெளியே போ என்றால் உடனே பெட்டியைக் கட்டாதீர்கள். கணவரோடு குடித்தனம் நடத்திய வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

உத்தரவு வந்ததும் வீட்டில் பூட்டி வைத்துவிடாதீர்கள். நகல் இலவசம், காவல் நிலையத்துக்கும் அது போயிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நகல் வாங்குங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். நள்ளிரவானாலும் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.